பத்து பாக்கெட்டும் இரண்டு பிழைகளும்: லேபிள் கூற்றைப் புள்ளியியல் வழியில் சோதிப்பது எப்படி?

லேபிளில் 'நிகர எடை 500 கிராம்' என்று அச்சிட்டிருக்கிறது. பத்து பாக்கெட்டுகளைப் பிரித்து, உள்ளே இருந்த பொருளை மட்டும் எடைபோட்டதில் கீழ்க்கண்ட எண்கள் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம்:

498.2, 501.1, 496.5, 499.0, 497.3, 502.0, 495.8, 498.6, 497.9, 499.6

எட்டு பாக்கெட்டுகளில் எடை குறைவு, இரண்டில் கூடுதல். சராசரி 498.6 கிராம். பாக்கெட்டுக்கு 1.4 கிராம் குறைகிறது. உற்பத்தியாளர் எடையில் கைவைக்கிறார் என்று இதை வைத்துச் சொல்லலாமா?

'பத்தில் எட்டு குறைவு, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?' என்பார் ஒருவர். 'ஒன்றரை கிராம்கூட இல்லை. இயந்திரம் நிரப்பும்போது அந்த அளவு முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும்' என்பார் இன்னொருவர். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இருவருமே கணக்குப் போடவில்லை. கணக்குப் போட்டால் இன்னொரு சங்கதி வெளிப்படும்: இதே பத்து எண்கள் ஒரு விதியின்படி உற்பத்தியாளருக்கு எதிராகவும், இன்னொரு விதியின்படி அவருக்குச் சாதகமாகவும் முடிவு தரும். இரண்டுமே பாடநூல்கள் ஏற்கும் விதிகள். ஆகவே எந்த விதியைப் பின்பற்றப்போகிறோம் என்பதைத் தராசைத் தொடுவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். இந்த வழிகாட்டியில் நான் அதிகம் வலியுறுத்தப்போவது அந்த முன்வேலையைத்தான். கணக்குக்குச் சராசரியும் வர்க்கமூலமும் தெரிந்தால் போதும்.

படி 1: கூற்றை எண்ணாக மாற்றுங்கள்

'ஈடிணையற்ற தரம்' என்பதைச் சோதிக்க வழியில்லை. அது வெறும் வாசகம். 'நிகர எடை 500 கிராம்', 'புரதம் 100 கிராமுக்கு 20 கிராம்', 'முளைப்புத்திறன் 80%' ஆகியவை அளக்கக்கூடிய உறுதிமொழிகள். இவற்றிலும் ஒவ்வொன்றும் எந்தத் திசையில் பேசுகிறது என்று பாருங்கள். எடையும் புரதமும் 'குறைந்தபட்சம் இவ்வளவு' என்கின்றன. உப்பின் அளவு 'அதிகபட்சம் இவ்வளவு' என்கிறது. மாத்திரையில் உள்ள மருந்தின் அளவு இரண்டு பக்கமும் கட்டுப்பட்டது. குறைந்தால் நோய் தீராது, கூடினால் நஞ்சாகலாம்.

'இல்லை' என்று சொல்லும் லேபிள்களில் எச்சரிக்கை வேண்டும். அளவியலில் முழு பூஜ்ஜியம் என்று ஒன்று கிடையாது. கருவியால் கண்டறிய முடிந்த அளவு என்பதுதான் உண்டு. அதனால்தான் கோடெக்ஸ் எனப்படும் சர்வதேச உணவுத் தர நெறிகள் 'சர்க்கரை இல்லை' என்ற கூற்றுக்கு 100 கிராமில் 0.5 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்றும், 'குளூட்டன் இல்லை' என்ற கூற்றுக்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்றும் எல்லை வகுத்திருக்கின்றன. நீங்கள் சோதிக்க வேண்டியது அந்த எல்லையை.

'12 மணி நேரம் வரை உழைக்கும்' என்பதில் உள்ள 'வரை' என்ற ஒரு சொல் சோதனையையே முடக்கிவிடும். நூறு மின்கலங்களில் ஒன்று 12 மணி நேரம் உழைத்தாலும் அந்த வாசகம் பொய்யாகாது. இப்படிப்பட்ட கூற்றை நான் சோதிக்க முயல்வதில்லை. அது எதையும் உறுதி செய்யவில்லை என்று எழுதிவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுவேன்.

படி 2: இரண்டு கருதுகோள்கள்; சந்தேகத்தின் பலன் யாருக்கு?

நம் பாக்கெட்டுக்கு இன்மைக் கருதுகோள் (எதிரான சான்று கிடைக்கும்வரை உண்மை என்று கொள்ளும் கூற்று): தயாரான எல்லாப் பாக்கெட்டுகளின் சராசரி எடை 500 கிராம் அல்லது அதற்கு மேல். மாற்றுக் கருதுகோள்: சராசரி 500 கிராமுக்குக் கீழ். கையில் இருக்கும் பத்து பாக்கெட்டுகளின் சராசரி 500க்குக் கீழே இருப்பது கண்ணெதிரே தெரிகிறது. அதைச் சோதிக்கத் தேவையில்லை. நாம் பேசுவது பிரிக்கப்படாமல் கிடக்கும் மற்ற எல்லாப் பாக்கெட்டுகளையும் பற்றி.

இப்படி அமைக்கும்போது சந்தேகத்தின் பலனை உற்பத்தியாளருக்குக் கொடுத்துவிடுகிறோம். போதிய சான்று கிடைக்கும்வரை லேபிள் உண்மை என்றே கொள்ளப்படும். வெளியிலிருந்து ஒருவர் குற்றம் சாட்டும்போது இது நியாயம். ஆனால் அதே உற்பத்தியாளர், பொருளை அனுப்புவதற்கு முன் தன் ஆலைக்குள் சோதிக்கிறார் என்றால் நிரூபிக்கும் பாரம் இடம் மாறுகிறது. அப்போது 'எடை குறைவு' என்பதை இன்மைக் கருதுகோளாக வைத்து, அதை மறுக்கும் சான்றை அவரே திரட்டுவதுதான் வாங்குபவருக்குப் பாதுகாப்பு. சோதிப்பவர் யார், எதற்காகச் சோதிக்கிறார் என்பதைப் பொறுத்துக் கருதுகோளே தலைகீழாகும்.

எடை கூடுவதைப் பற்றி நமக்குக் கவலையில்லை என்பதால் இது ஒருமுனைச் சோதனை. மாத்திரைக்கு இருமுனைச் சோதனை. எந்த முனை என்பதை எண்களைப் பார்த்த பிறகு தேர்ந்தெடுக்கக் கூடாது. அப்படிச் செய்தால், 5% என்று நினைத்துக்கொண்டு 10% வாய்ப்பில் பொய்க் குற்றச்சாட்டு எழுப்பிக்கொண்டிருப்போம்.

படி 3: இரண்டு பிழைகளுக்கும் முகம் கொடுங்கள்

லேபிள் உண்மையாக இருக்கும்போது அதைப் பொய் என்று சொல்வது முதல் வகைப் பிழை. லேபிள் பொய்யாக இருக்கும்போது அதைக் கண்டுபிடிக்காமல் விடுவது இரண்டாம் வகைப் பிழை. புள்ளியியலாளர்கள் ஜெர்ஸி நெய்மனும் ஈகான் பியர்சனும் 1928 முதல் 1933 வரை எழுதிய கட்டுரைகளில் உருவான பாகுபாடு இது. முதல் வகைப் பிழையின் வாய்ப்பை ஆல்ஃபா என்றும், இரண்டாவதன் வாய்ப்பைப் பீட்டா என்றும் குறிப்பது வழக்கம்.

தேர்வுக்குப் படிப்பவர்கள் இந்த இரண்டையும் மாற்றி மாற்றிக் குழப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். பெயரை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு பிழைக்கும் அடிபடுவது யார் என்று நினைவில் வைத்தால் குழப்பம் வராது. தரக் கட்டுப்பாட்டுத் துறையினர் அப்படித்தான் பெயரிட்டார்கள். பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஹெரால்ட் டாட்ஜும் ஹாரி ரோமிக்கும் 1929இல் மாதிரிச் சோதனை முறையை வகுத்தபோது 'உற்பத்தியாளர் இடர்', 'நுகர்வோர் இடர்' என்ற சொற்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். நல்ல சரக்கு நிராகரிக்கப்பட்டால் உற்பத்தியாளருக்கு அடி. அது முதல் வகை. கெட்ட சரக்கு தப்பிவிட்டால் நுகர்வோருக்கு அடி. அது இரண்டாம் வகை.

முதல் வகைப் பிழையில் அடிபட்டவர் உடனே குரல் எழுப்புவார். மறுசோதனை கேட்பார், வழக்குப் போடுவார். இரண்டாம் வகைப் பிழையில் அடிபட்டவருக்குத் தான் அடிபட்டது தெரியவே தெரியாது. பாக்கெட்டுக்கு ஒரு கிராம் வீதம் ஒரு கோடி பாக்கெட்டுகளில் குறைந்தால் அது 10,000 கிலோ. அந்தப் பத்து டன்னும் ஒரு கோடிப் பேரிடமிருந்து ஒவ்வொரு கிராமாகப் போகிறது. ஒருவரும் புகார் எழுதப்போவதில்லை. இதனால்தான் பல அறிக்கைகளில் ஆல்ஃபா மட்டும் பளிச்சென்று எழுதப்பட்டிருக்கிறது, பீட்டாவைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. இது சிறிய விடுபாடு இல்லை. பீட்டா எழுதப்படாத சோதனையில் 'குறை எதுவும் காணப்படவில்லை' என்ற வாக்கியத்துக்கு எடையே கிடையாது.

படி 4: ஆல்ஃபா, கண்டுபிடிக்க விரும்பும் குறைவு, பாக்கெட்டின் எண்ணிக்கை

இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் தீர்மானிக்க வேண்டும். ஒன்றை இழுத்தால் மற்றவை நகரும்.

ஆல்ஃபா 5% என்பது இயற்கை விதி அன்று. இருபதில் ஒன்று என்பது வசதியான எல்லை என்று புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1925இல் எழுதியது பழக்கமாக நிலைத்துவிட்டது. பொது இடத்தில் ஒருவர் பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்டப்போகிறீர்கள் என்றால் 5% தாராளம். நான் 1% வைப்பேன். மேல்விசாரணைக்கு எதை அனுப்பலாம் என்று சலித்தெடுக்கும் முதற்கட்டச் சோதனை என்றால் 5% போதும், 10% வைத்தாலும் குற்றமில்லை.

அடுத்து, எவ்வளவு குறைவு இருந்தால் அது பொருட்படுத்தத் தக்கது என்று சொல்லுங்கள். 1 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இதைப் புள்ளியியல் சொல்லித் தராது. பொருளை அறிந்தவர்தான் சொல்ல வேண்டும். நிரப்பும் இயந்திரத்தின் சிதறலும் தோராயமாகத் தெரிந்திருக்க வேண்டும். முந்தைய அனுபவத்திலிருந்து திட்ட விலக்கம், அதாவது தனிப் பாக்கெட்டுகள் சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, 2 கிராம் என்று கொள்வோம்.

பத்து பாக்கெட் எடுத்தால் என்ன ஆகும்? திட்டப் பிழை, அதாவது மாதிரிச் சராசரி தற்செயலாக ஏறி இறங்கும் அளவு, 2 ÷ √10 = 0.632 கிராம். ஆல்ஃபா 5% என்றால் எல்லைக்கோடு 500 − 1.645 × 0.632 = 498.96 கிராம் (1.645 என்பது 5%க்கு இயல்நிலைப் பரவல் அட்டவணை தரும் எண்; இசட்-மதிப்பு என்பார்கள்). மாதிரிச் சராசரி இதற்குக் கீழே போனால்தான் லேபிளை மறுப்போம். உண்மையான சராசரி 499 கிராமாக, அதாவது 1 கிராம் குறைவாக இருந்தால், மாதிரிச் சராசரி இந்தக் கோட்டைத் தாண்டிக் கீழே போக 47% வாய்ப்புதான் உண்டு. மீதி 53% நேரம் குறைவைத் தவறவிடுவோம். நாணயத்தைச் சுண்டிப் பார்த்திருந்தால்கூட இதைவிடச் சற்று நன்றாக இருந்திருக்கும்.

ஆல்ஃபாவை 1% ஆக இறுக்கினால் எல்லைக்கோடு 498.53 கிராமுக்கு இறங்குகிறது. 1 கிராம் குறைவைத் தவறவிடும் வாய்ப்பு 77% ஆக ஏறுகிறது. உற்பத்தியாளருக்குக் கொடுத்த கூடுதல் பாதுகாப்பை நுகர்வோரிடமிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறோம். பாக்கெட்டின் எண்ணிக்கை மாறாதவரை இந்தக் கொடுக்கல் வாங்கலைத் தவிர்க்க முடியாது. இரண்டு பிழைகளையும் ஒருசேரக் குறைக்க நம் கையில் இருக்கும் வழி கூடுதல் பாக்கெட்டுகளைப் பிரிப்பது, அல்லது நுட்பமான தராசு.

எத்தனை பாக்கெட் வேண்டும் என்பதற்கு எளிய வாய்பாடு: ஆல்ஃபாவுக்குரிய இசட்-மதிப்பையும் பீட்டாவுக்குரிய இசட்-மதிப்பையும் கூட்டுங்கள்; திட்ட விலக்கத்தால் பெருக்குங்கள்; கண்டுபிடிக்க விரும்பும் குறைவால் வகுங்கள்; வந்ததை வர்க்கப்படுத்தி, மேல்நோக்கி முழு எண்ணாக்குங்கள்.

ஆல்ஃபா 5%, பீட்டா 20% என்றால் (1.645 + 0.842) × 2 ÷ 1 = 4.97, அதன் வர்க்கம் 24.7; ஆகவே 25 பாக்கெட். ஆல்ஃபா 1%, பீட்டா 10% என்றால் (2.326 + 1.282) × 2 = 7.22, வர்க்கம் 52.1, ஆகவே 53 பாக்கெட். 1 கிராமுக்குப் பதில் அரை கிராம் குறைவைப் பிடிக்க வேண்டுமானால், முதல் கணக்கில் 25 பாக்கெட் 99 ஆகிவிடும். குறைவு பாதியானால் வேலை நான்கு மடங்கு.

ஆல்ஃபா, பீட்டா, குறைவு, எண்ணிக்கை, ஒருமுனையா இருமுனையா ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதித் தேதியிடுங்கள். எண்ணித் துணிய வேண்டிய இடம் இது. எடைபோட்ட பிறகு எண்ணிப் பயனில்லை.

படி 5: மாதிரி எடுத்தல்

ஒரே அட்டைப்பெட்டியில் அடுத்தடுத்து இருந்த பத்து பாக்கெட்டுகள் பத்து சாட்சிகள் ஆகமாட்டா. அவை ஒரே இயந்திரம், ஒரே சில நிமிடங்களில் நிரப்பியவை; கிட்டத்தட்ட ஒரே சாட்சி பத்து முறை பேசுவதற்குச் சமம். வேறு வேறு தொகுதி எண், வேறு வேறு தயாரிப்புத் தேதி, வேறு வேறு விற்பனை இடம் என்று பரவலாக எடுங்கள். முடிந்தால் பாக்கெட்டுகளுக்கு எண் கொடுத்துக் குலுக்கலில் தேர்ந்தெடுங்கள். கைக்கு எட்டியதை எடுத்தால் மேலடுக்கு மட்டுமே வரும். லேசாகத் தெரிந்த பாக்கெட்டைத் தேடி எடுத்தால் அந்தச் சோதனையை அங்கேயே நிறுத்திவிடலாம்.

படி 6: எடைபோடுதல்

இங்கே நானே செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருமுறை மாவுப்பொருள் பாக்கெட்டுகளைச் சோதித்தபோது, ஒரே ஒரு உறையைக் காலி செய்து எடைபோட்டு, அந்த எடையையே எல்லாப் பாக்கெட்டிலிருந்தும் கழித்தேன். முடிவு தெளிவாக 'எடை குறைவு' என்று வந்தது. அறிக்கை எழுத உட்கார்ந்தபோது அந்தக் காலி உறை மேசையில் கிடந்தது. எடுத்து விளிம்பைப் பிரித்துப் பார்த்தேன். அடித்தையலின் மடிப்புக்குள் ஒரு விரல் நீளத்துக்கு மாவு இறுகிப் படிந்திருந்தது. அதையும் சேர்த்துத்தான் 'உறையின் எடை' என்று எண்ணியிருந்தேன். உறை கனமானதாகத் தெரிந்ததால் உள்ளிருப்பு ஒவ்வொரு பாக்கெட்டிலும் அதே அளவு குறைந்து தெரிந்தது. மடிப்பைத் துடைத்து, ஒவ்வோர் உறையையும் தனித்தனியே எடைபோட்டபோது குறைவில் பெரும்பகுதி மறைந்துவிட்டது. அந்த அறிக்கை வெளியே போயிருந்தால் தவறு செய்யாத ஒருவர் தலையில் பழி விழுந்திருக்கும்.

திட்டப் பிழை, அதை வைத்து அடுத்த படியில் காணப்போகும் டி-மதிப்பு எல்லாம் தற்செயலான ஏற்ற இறக்கத்தை மட்டுமே அறியும். எல்லா அளவையும் ஒரே திசையில் இழுக்கும் பிழையை அவை அறியா. தராசு 1.4 கிராம் குறைத்துக் காட்டினால், நம் பத்து எண்கள் அச்சு அசலாக அப்படியே கிடைக்கும். பாக்கெட்டுகளோ சராசரியாகச் சரியாக 500 கிராம் இருக்கும். எத்தனை ஆயிரம் பாக்கெட்டைக் கூட்டினாலும் இந்தப் பிழை கரையாது. ஆகவே சரிபார்க்கப்பட்ட 500 கிராம் எடைக்கல்லைத் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் தராசில் வைத்துப் பாருங்கள். ஈரம் இழக்கும் பொருளானால் தயாரித்த நாளையும் எடைபோட்ட நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். திரவத்தில் ஊறிய பொருளானால் வடித்த எடையா மொத்த எடையா என்று லேபிளைப் படித்துப் பாருங்கள்.

படி 7: கணக்கு

இப்போது நம் பத்து எண்கள். சராசரி 498.6. ஒவ்வோர் எண்ணுக்கும் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 33.56. அதை 9ஆல் வகுத்தால் 3.729, வர்க்கமூலம் 1.93. இது மாதிரியின் திட்ட விலக்கம். 1.93 ÷ √10 = 0.611, இது திட்டப் பிழை. டி-மதிப்பு, அதாவது குறைவு திட்டப் பிழையைப் போல் எத்தனை மடங்கு என்பது: (498.6 − 500) ÷ 0.611 = −2.29.

திட்ட விலக்கத்தையும் அதே பத்து பாக்கெட்டுகளிலிருந்தே மதிப்பிட்டோம் என்பதால் இயல்நிலைப் பரவல் அட்டவணையை விட்டுவிட்டு டி-அட்டவணையைப் பார்க்க வேண்டும். இந்த அட்டவணையின் வரலாறே பொருள் தரத்தோடு பின்னியது. டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காஸெட், ஒரு சில அளவுகளை மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டிய நெருக்கடியில் இதை உருவாக்கி, 1908இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்டார்.

கட்டின்மைப் படி (பாக்கெட்டின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு) 9க்கு ஒருமுனை மாறுநிலை மதிப்புகள், அதாவது தாண்டினால் மறுக்க வேண்டிய எல்லைகள்: 5%க்கு 1.833, 1%க்கு 2.821, 0.5%க்கு 3.250. நம்முடைய 2.29 முதலாவதைத் தாண்டுகிறது. மற்ற இரண்டையும் தாண்டவில்லை. 5% என்று எழுதி வைத்தவருக்கு லேபிள் பொய். 1% என்று எழுதி வைத்தவருக்கு லேபிளை மறுக்கச் சான்று போதாது. எதையும் எழுதி வைக்காதவர் தனக்குப் பிடித்த முடிவைப் பொறுக்கிக்கொள்வார். அவருக்கு நாணயமில்லை என்று நான் சொல்லவில்லை. கையில் இருக்கும் சுதந்திரம் அப்படி இழுத்துப்போகும்.

படி 8: பி-மதிப்பைச் சரியாகப் படியுங்கள்

இந்தச் சோதனையின் பி-மதிப்பு சுமார் 0.024. இதன் பொருள்: உண்மைச் சராசரி சரியாக 500 ஆக இருந்தால், இவ்வளவு குறைவான அல்லது இதைவிடக் குறைவான டி-மதிப்பு கிடைக்க ஆயிரத்தில் 24 வாய்ப்பு. 'உற்பத்தியாளர் நேர்மையானவராக இருக்க 2.4% வாய்ப்பு' என்பது இதன் பொருள் ஆகாது. இந்தத் தவறு பத்திரிகைச் செய்திகளிலும் அடிக்கடி கண்ணில் படுகிறது.

வேறுபாட்டை ஒரு கணக்கால் காட்டலாம். 1,000 பொருள்களைச் சோதிக்கிறீர்கள்; அவற்றில் 100 மட்டுமே உண்மையில் எடை குறைந்தவை என்று கொள்ளுங்கள். சோதனையின் திறன், அதாவது உண்மையான குறைவைப் பிடிக்கும் வாய்ப்பு, 80% என்றால் அவற்றில் 80 அகப்படும். மீதி 900 நேர்மையானவை. ஆல்ஃபா 5% என்றால் அவற்றிலும் 45 தவறாக அகப்படும். குற்றவாளிப் பட்டியலில் மொத்தம் 125. அதில் 45, அதாவது 36%, குற்றமற்றவை. ஆல்ஃபா 5% தான். ஆனால் பட்டியலில் மூன்றில் ஒன்றுக்கு மேல் பிழை. நேர்மையானவர்கள் அதிகம் இருக்கும் சந்தையில் இந்த விகிதம் இன்னும் மோசமாகும்.

பி-மதிப்போடு நம்பக இடைவெளியையும், அதாவது நம் எண்களோடு ஒத்துப்போகும் உண்மைச் சராசரிகளின் வரம்பையும், எழுதுங்கள். நம் எண்களுக்கு 95% இடைவெளி 497.2 முதல் 499.98 கிராம் வரை. 99% இடைவெளி 496.6 முதல் 500.6 வரை. 'மறுக்கப்பட்டது' என்ற ஒற்றைச் சொல்லைவிட இது வாசகருக்கு அதிகம் சொல்கிறது: குறைவு இருந்தால் அது மூன்று நான்கு கிராமுக்கு உள்ளேதான்.

எண்ணிக்கை விகிதமாக இருந்தால்

விதைப் பாக்கெட்டில் 'முளைப்புத்திறன் 80%' என்று இருக்கிறது. 100 விதை போட்டதில் 73 முளைத்தன. திட்டப் பிழை √(0.8 × 0.2 ÷ 100) = 0.04. இசட்-மதிப்பு −0.07 ÷ 0.04 = −1.75, பி-மதிப்பு 0.04. 5% கோட்டுக்குக் கீழே வந்துவிட்டது என்று மகிழ வேண்டாம். விதைகளை அரை விதை, கால் விதை என்று எண்ண முடியாது. தொடர்ச்சித் திருத்தம் செய்து 73.5 என்று வைத்தால் இசட் −1.63, பி-மதிப்பு 0.052. முடிவு கோட்டின் மறுபக்கம் போய்விட்டது. விளிம்பில் நிற்கும் முடிவு கணக்குமுறையின் சிறு மாற்றத்துக்கே கவிழும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. 400 விதைகளில் 292 முளைத்திருந்தால், அதே 73%தான், ஆனால் பி-மதிப்பு பத்தாயிரத்தில் மூன்றாக இறங்கிவிடும். எந்த முறையில் போட்டாலும் முடிவு அசையாது. சர்வதேச விதைப் பரிசோதனைச் சங்கத்தின் முறை 400 விதைகளைக் கேட்பது காரணமில்லாமல் இல்லை.

சராசரி சரி, பாக்கெட் சரியில்லை

பாதிப் பாக்கெட்டில் 520 கிராமும் பாதியில் 480 கிராமும் போட்டாலும் சராசரி 500தான். 480 கிராம் கிடைத்தவருக்கு அந்தச் சராசரியால் என்ன பயன்? எனவே சராசரிச் சோதனையோடு தனிப் பாக்கெட் சோதனையும் வேண்டும்.

சர்வதேச சட்ட அளவியல் அமைப்பின் 87ஆம் பரிந்துரை இரண்டையும் சேர்த்தே கேட்கிறது. 500 கிராம் பாக்கெட்டுக்குப் பொறுத்துக்கொள்ளத்தக்க குறைவு 15 கிராம். அதற்கு மேல் குறைந்தவை, அதாவது 485 கிராமுக்குக் கீழ், மிகச் சிலவே இருக்கலாம். அதன் இரு மடங்கு குறைந்தது, அதாவது 470 கிராமுக்குக் கீழ், ஒன்றுகூட இருக்கக் கூடாது. சராசரிக்கு, அதன் 2004ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, 100 முதல் 500 பாக்கெட் உள்ள தொகுதியில் 50 எடுத்து, திட்ட விலக்கத்தை 0.379ஆல் பெருக்கிய அளவுவரை குறைவை மன்னிக்கலாம். அந்த 0.379 எங்கிருந்து வந்தது? கட்டின்மைப் படி 49க்கு, ஒருமுனை 0.5% டி-மதிப்பு 2.68, அதை √50ஆல் வகுத்தால் 0.379. அட்டவணைக்குள் ஒளிந்திருப்பது, நாம் மேலே போட்ட அதே டி-சோதனை. ஆல்ஃபாவை 0.5% என்று வைத்து உற்பத்தியாளருக்கு மிகுந்த பாதுகாப்புக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு ஈடாக 50 பாக்கெட்டைப் பிரிக்கச் சொல்கிறார்கள். நம் சிதறலான 1.93ஐ அங்கே போட்டால் 0.73 கிராம், 50 பாக்கெட்டின் சராசரி 499.27க்குக் கீழே போனால் அந்தத் தொகுதி தேறாது.

எட்டிப்பார்க்காதீர்கள்

பத்து எடைபோட்டு, முடிவு பிடிக்காமல் இன்னும் பத்து, பிறகு இன்னும் பத்து என்று குறைபாடு தெரியும்வரை போவது பரவலான பழக்கம். இருமுனை 5% சோதனையை, அளவு கூடக் கூட ஐந்து முறை செய்து பார்த்தால் பொய்க் குற்றச்சாட்டின் வாய்ப்பு சுமார் 14%. பத்து முறை என்றால் 19%. பல கூற்றுகளைச் சேர்த்துச் சோதிப்பதும் இதே பள்ளம்தான். ஒரு லேபிளில் 20 சத்துகளைச் சோதித்தால், அத்தனையும் உண்மையாக இருந்தாலும், ஒவ்வொன்றும் தனித்தனியானதாகக் கொண்டால், ஒன்றாவது பொய்யாகத் தெரிய 64% வாய்ப்பு உண்டு. எளிய மருந்து, ஆல்ஃபாவைக் கூற்றுகளின் எண்ணிக்கையால் வகுப்பது: 5% ÷ 20 = 0.25%. பீட்டா ஏறும், அதற்கேற்பப் பாக்கெட்டும் கூட வேண்டும்.

கடைசிப் படி: முடிவை எழுதுதல்

'லேபிள் உண்மை என்று நிரூபிக்கப்பட்டது' என்று எழுதாதீர்கள். இந்தச் சோதனை அதை ஒருபோதும் நிரூபிக்காது. ஆல்ஃபா 1% என்று முன்பே எழுதி வைத்திருந்தால், நம் பத்து பாக்கெட்டுக்கு நான் எழுதும் அறிக்கை இது:

'10 பாக்கெட்டுகளின் சராசரி 498.6 கிராம், திட்ட விலக்கம் 1.93 கிராம், டி-மதிப்பு −2.29, 1% ஒருமுனை எல்லை −2.82. எடைக்குறைவு நிறுவப்படவில்லை. ஆயினும் சராசரியில் 1 கிராம் குறைவு இருந்தால் அதைத் தவறவிட 75%க்கு மேல் வாய்ப்புள்ள சோதனை இது. லேபிளுக்கு நற்சான்றாக இதைக் கொள்ள வேண்டாம்.'

இதற்குப் பிறகு புதிதாக 53 பாக்கெட்டுகளை எடுங்கள். பழைய பத்தை இவற்றோடு சேர்க்காதீர்கள், சந்தேகத்தை எழுப்பியதே அவைதான். திட்ட விலக்கம் 2 கிராம் என்றே கொண்டால் 1%க்கான எல்லைக்கோடு 500 − 2.326 × 2 ÷ √53 = 499.36 கிராம். இந்த எண்ணைத் தாளில் எழுதி, தேதியிட்டு, கையெழுத்திட்டு, இன்னொருவரிடம் கொடுத்து வைத்துவிட்டு, முதல் பாக்கெட்டைப் பிரியுங்கள்.